அறுபத்தொரு நிழல்

1995ஆம் ஆண்டு மாசி மகத்துக்கு மறுநாள் காலை, பெம்பானுக்குப் பக்கத்திலுள்ள ஏழாங்கட்டைத் தோட்டத்தின் பின்காட்டில் அறுபத்தொரு மரங்களின் நிழல் தரையில் விழுந்து கிடந்தது. மரம் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள்தான் அத்தனையும் வெட்டுப்பட்டு அரைபட்டு, கணுக்கால் ஆழத்துக்குத் தூளும் சிராயுமாகப் பரவியிருந்தன. எட்டரை மணி வெயிலில் நிழல்கள் மேற்கே நீண்டு சாய்ந்திருந்தன. காற்று வந்தபோது இலைகளின் நிழல் ஆடியது. மத்தியானம் எல்லாம் காலடிக்குச் சுருங்கி, சாயங்காலம் கிழக்கே நீண்டன. அன்றைக்குப் பெம்பான் கடைத்தெருவில் கோழி கிலோ நாலு வெள்ளி இருபது காசு. சந்தைக்குப் போய்வந்தவர்கள் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அரைத்தவன் தனபாலன். அவன் அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் மூன்றாவது வீட்டில் பிறந்தவன். பதினாறு வயதில் தோட்டத்து டிராக்டரில் ரப்பர் பால் நிரப்பிய தோம்புகளை ஏற்றிப் போனவன். தோட்டம் 1989இல் கைமாறி, ரப்பர் வெட்டு நின்றுபோனதும், பெம்பானுக்குக் குடிபோய் டவுக்கே என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு குத்தகை முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தான். டவுக்கே 1993இல் ஒரு சின்ன டிராக்டரை வாங்கினார். பார்ப்பதற்கு அது கோயில் ரதத்தை இழுக்கக்கூட லாயக்கில்லாததுபோல்தான் இருக்கும். ஆனால் அதன் முன்னால் மாட்டியிருந்த உருளையில் முப்பத்தாறு இரும்புப் பற்கள் இருந்தன. அது சுழன்றால் தொடை மொத்தமுள்ள மரத்தையும் நின்ற இடத்திலேயே தூளாக்கி, அந்த இடத்திலேயே பரப்பிவிடும். தோட்டத்து ஜனங்கள் அதற்கு அம்மி என்று பேர் வைத்தார்கள். பெரிய புல்டோசர் வந்தால் ஊருக்கே தெரியும். கட்டைகள் கிடக்கும், எரிக்க வேண்டும், எரித்தால் புகை வரும், புகை வந்தால் நாலு பேர் வருவார்கள், நாலு பேரில் ஒருவர் பத்திரிகைக்காரராக இருந்து தொலைப்பார். அம்மிக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. காலையில் காடாக இருந்தது சாயங்காலம் மெத்தை விரித்த மாதிரி ஆகிவிடும். தனபாலனுக்கு அந்த வண்டிமேல் அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமைகூட அதைத் துடைத்துக்கொண்டிருப்பான், மனைவி புனிதாவின் திட்டையும் வாங்கிக்கொண்டு.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி அங்கே தாமான் என்ற புதுக் குடியிருப்பு கட்டப் போவதாக இருந்தது. லயத்தில் ஒன்பது குடும்பங்கள் மிச்சம் இருந்தன. அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை, இருந்ததெல்லாம் மரங்கள்தான். லயத்துக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் முப்பது வருஷமாக அவர்கள் நட்டு வளர்த்த பலா, ரம்புத்தான், டுரியான், மங்குஸ்தான், மா. பல நாள் இழுபறிக்குப் பிறகு கம்பெனி ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட மரங்களை எந்தக் குடும்பம் காட்டுகிறதோ, அந்தக் குடும்பத்துக்குத் தாமானில் ஒரு வீட்டுமனை. நில அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எண்ண வேண்டும். மாசி மகத்துக்கு இரண்டு நாள் கழித்து எண்ண வருவதாகத் தேதி குறித்தார்கள். ஒரே சிக்கல், ஆறு வருஷமாகக் கவனிப்பாரில்லாமல் பெலுகார்ப் புதரும் லாலான் புல்லும் மகாங் காட்டுமரமும் மண்டி, பழமரங்களை வெளியே தெரியாமல் மறைத்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் காடு.

அதனால் அவர்களே தனபாலனைக் கூப்பிட்டார்கள். நம்ம பையன், நம்ம லயத்து ஆள், அவனிடம் அம்மி இருக்கிறது, புதரை மட்டும் அரைத்துக் கொடுத்தால் எண்ண வருகிறவர் கால் வைத்து நடக்கலாம். கூப்பிட்டது குஞ்சம்மா. அந்த லயத்தில் முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியவள், ஒன்பது குடும்பத்துக்கும் அவள் வாய்தான் வாய். வண்டிக்காரன் எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள, பழைய ஸ்டோரில் கிடந்த, ரப்பர் பால் வடியப் பிடிக்கும் மங்குகளை எடுத்துக் கழுவி, ஒவ்வொரு பழமரத்திலும் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு மங்கிலும் அந்தக் குடும்பம் பால் வெட்டிய பழைய நிரை நம்பரை சிவப்பு பெயிண்டில் எழுதினார்கள். மொத்தம் அறுபத்தொன்று. வேலை முடிந்ததும் குஞ்சம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"மங்கு தொங்குற மரத்த மட்டும் தொடாத தம்பி. மத்தது எல்லாம் உன் இஷ்டம்லா."

"சரி அத்த. அதுக்குன்னு ஒரு நாளு லீவு போட்டு வர்றேன்" என்றான் தனபாலன். அப்போது அவன் மனதில் கள்ளமே இல்லை. இதை அவனுக்குச் சாதகமாக எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

மூன்று நாள் கழித்து, பெம்பான் கோப்பிக் கடையில் டவுக்கே அவனிடம் எதற்கு லீவு என்று கேட்டார். ஒற்றை வரியில் ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவன் எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை மரம், என்ன தேதி, யார் எண்ண வருகிறார்கள். அதோடு விட்டானா? மாசி மகத்தன்று ஒன்பது குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போய்விடும், சாயங்காலம் ரதம் பார்த்துவிட்டுத்தான் திரும்பும், லயத்தில் நாய்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. டவுக்கே அவனுக்கு இன்னொரு கோப்பி சொன்னார். அது தீரும் முன்னால், கம்பெனி தனக்கு வேண்டியவர்கள் என்றும், மரமே இல்லாவிட்டால் மனையும் கொடுக்க வேண்டியதில்லை என்றும், தாமானில் அவனுக்கு ஒரு வீட்டுக்குத் தான் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அந்த இரண்டாவது கோப்பியை தனபாலன் மிச்சம் வைக்காமல் குடித்தான்.

மாசி மகத்தன்று காலை ஏழு மணிக்கு, ஒன்பது குடும்பமும் ஏறிய பஸ்ஸின் பின்பக்கம் கண்ணை விட்டு மறைந்ததும், ரம்பத்தோடு நாலு இந்தோனேசிய ஆட்களும் தனபாலனும் அம்மியும் பின்காட்டுக்குள் போனார்கள். மங்கு பீங்கான். உருளையில் பட்டால் பல் உடையும். ஆகவே அவனே மரம் மரமாகப் போய் அறுபத்தொரு மங்கையும் கழற்றிச் சாக்கில் போட்டான். ஒவ்வொன்றிலும் நம்பர் கண்ணில் பட்டது. பன்னிரண்டு காளிமுத்துவின் நிரை. நாற்பத்தேழு வீரப்பனுடையது. இருபத்தொன்று குஞ்சம்மா. பிறகு ரம்பம் சாய்த்தது, பருத்த அடிமரங்களை லாரி தூக்கிப் போனது, மிச்சத்தை எல்லாம் வேர்க்கட்டையோடு அம்மி மென்றது. ஆறு மணிக்கு வேலை முடிந்தது. சாக்கைப் போகிற வழியில் செம்பனைக் காட்டுப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தான். அன்று ராத்திரி கோயில் பிரசாதத்தோடு திரும்பிய ஜனங்கள் டார்ச் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தோன்றாமல் சிராய் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

விடிந்ததும் நிழல்கள் வந்தன.

அதற்கு மறுநாள் எண்ண வந்தவர் குலம். சிலோன்காரர், நில அலுவலகத்தில் இருபத்தாறு வருஷ சர்வீஸ், ஒரு கமா தப்பினாலும் கடிதத்தைத் திருப்பி டைப் அடிக்கச் சொல்கிறவர். அவர் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல் சிராயில் நடந்து, நிழல்களை ஒரு தரம் வடக்கிலிருந்தும் ஒரு தரம் தெற்கிலிருந்தும் எண்ணினார். இரண்டு தரமும் அறுபத்தொன்று வந்தது. குஞ்சம்மா அவர் பின்னாலேயே நடந்து, இது என் பலா, இது காளிமுத்து அண்ணன் டுரியான் என்று நிழலைக் காட்டிச் சொன்னாள். குலம் கையிலிருந்த அச்சடித்த பாரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"நிழல் எனக்கும் தெரியுது, அம்மா. ஆனா பாரத்தில மரம் எண்டுதான் கிடக்கு. வெட்டின ஆள் வந்து இங்க மரம் நிண்டது எண்டு கையெழுத்து வைச்சா, அதை நான் சாட்சியா எடுக்கலாம்."

தனபாலனைக் கூட்டிவந்தார்கள். டவுக்கேயும் வந்திருந்தார், காருக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு. ஒன்பது குடும்பமும் அவன் முகத்தையே பார்த்தது. யார் கண்ணிலும் கோபம் இல்லை, டவுக்கே மிரட்டிச் செய்ய வைத்திருப்பான், பாவம், இப்போது சொல்லிவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். குலம் கேட்டார்: "தம்பி, மெஷின் ஓட்டினது நீர்தானே. இங்க என்ன நிண்டது?"

பலாவின் நிழல் தனபாலனின் முழங்கால் வரை ஏறி நின்றது, அந்த இடம் குளிர்ந்தது.

"பெலுகார்தான் சார். மகாங், லாலான். வேற ஒண்ணும் இல்ல."

குலம் எழுதினார், அவன் கையெழுத்து வைத்தான். பேனா நன்றாகவே எழுதியது.

இரண்டு மாதத்தில் லயத்தை உடைத்தார்கள். ஒன்பது குடும்பத்தில் ஏழு குருபோங் பக்கம் அடுக்குமாடிக்குப் போனது, இரண்டு உம்பாய்க்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. சாமான் ஏற்ற லாரிக்கு வழியில்லாமல் நின்றபோது தனபாலன் அம்மியின் உருளையைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டி, நாலு நடை ஏற்றி இறக்கினான். அதற்குக் கூலி வாங்கவில்லை. ஏதோ செய்துவிட்டோம் என்று அவனும் நினைத்துக்கொண்டான். அதன் பலன், தீபாவளிக்குத் தீபாவளி குஞ்சம்மா குருபோங்கிலிருந்து யார் கையிலாவது அவனுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள். டவுக்கேக்குப் பயந்து பொய் சொன்னாலும் கடைசியில் சாமான் தூக்க வந்தவன் அவன் ஒருவன்தானே என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முறுக்கை அவன் தொட்டதில்லை. புனிதாதான் தின்று தீர்த்தாள்.

நிழல்களை ஒழிக்கக் கம்பெனி தன்னால் ஆனதைச் செய்தது. சிராயைச் சுரண்டி அள்ளினார்கள், நிழல் செம்மண்ணில் விழுந்தது. இரண்டடி மண் கொட்டி மேடாக்கினார்கள், நிழல் மேட்டின்மேல் விழுந்தது. டவுக்கே பொறுமையிழந்து, நிழலையே அரைத்துவிடு என்றார். தனபாலன் வெறும் தரையில் அம்மியை ஓட்டினான். பற்கள் மண்ணைக் கொத்தின. நிழல் வண்டியின் மூக்கில் ஏறி, அவன் மடியில் சற்று நேரம் கிடந்து, மறுபக்கம் வழுக்கி இறங்கித் தன் இடத்துக்குப் போய்விட்டது. டவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினார்.

1996 கடைசியில் வீடுகள் எழும்பின. முதலில் விற்பனை ஆபீசில் நிழலைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு வெயில் காலத்தில் வந்து பார்த்தவர்கள் குளிர்ச்சியாக இருக்கிறதே என்றதும், நிழல் விழுகிற மனைக்கு மூவாயிரம் வெள்ளி கூட்டினார்கள், அப்படியும் அவைதான் முதலில் விற்றன. எட்டாம் நம்பர் வீட்டில் காயப்போட்ட துணி உலர இரண்டு நாள் ஆகும். மூலைக் கடைக்காரச் சீனர் டுரியான் நிழல் பதினோரு மணிக்கு எங்கே வரும் என்று பார்த்து அங்கே வேனை நிறுத்துவார். நிழல்கள் வருஷா வருஷம் வளரவும் செய்தன. ஜூலையில் ரம்புத்தான் நிழலில் கொத்துக் கொத்தாய்க் காய்களின் நிழல் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரம் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய்ப் பந்தாடப் போய்விட்டார்கள்.

தனபாலனுக்குக் கிடைத்தது பதினேழாம் நம்பர். வாசல் பார்த்த சின்ன முற்றம், அதன் நட்டநடுவில்தான் குஞ்சம்மாவின் பலா நின்றிருந்தது. காலையில் அதன் நிழல் சுவர் ஏறி, ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் வந்து, அவன் பசியாறும் தட்டின்மேல் இலை இலையாக அசையும். மத்தியானம் முற்றத்தில் ஒடுங்கும், சாயங்காலம் சாலையைத் தாண்டி எதிர்வீட்டு மலாய் ஆசிரியரின் வாசலுக்குப் போய்விடும். இந்த வீட்டுக்கு மின்விசிறியே வேண்டாம் என்று புனிதா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். தனபாலனோ தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை மூலைக்குப் போய் நின்றபடி சாப்பிட்டான். முற்றத்தில் நிழலை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தான். என்ன ஆச்சு உங்களுக்கு என்று அவள் கேட்டால், முதுகு வலி என்பான்.

1997 செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து சூரியனை மூடியது. பள்ளிக்கூடங்களைச் சாத்தினார்கள், ஜனங்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இருமினார்கள். வெயில் இல்லாததால் தாமானில் ஒரு நிழலும் இல்லை. ஊரே நாசமாய்ப் போன அந்த ஆறேழு வாரமும் தனபாலன் கூடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், இரண்டு கிலோ எடைகூடப் போட்டான். இனி வராது என்று நம்பிவிட்டான். நவம்பரில் மழை பெய்து வானம் வெளுத்த முதல் காலை, அவன் தோசையைப் பிய்க்கும்போது பலா நிழல் ஜன்னலைத் தாண்டி வந்து கைமேல் விழுந்தது. நிழலில் காய்கள் தொங்கின. கையில் பிய்த்த தோசையை அப்படியே வைத்துவிட்டு, வளர்ந்த ஆம்பளை, விக்கி விக்கி அழுதான். புனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் தோசைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "இந்த வீட்லயா என்னைக் கொண்டாந்து வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருபோங் போனான். குஞ்சம்மா நாலாவது மாடியில், நடைவழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா தம்பி என்றாள். அவன் உட்காரவில்லை.

"அத்த, நீங்க செங் போற நாளச் சொன்னது நான்தான். டவுக்கே மிரட்டல. நானா சொன்னேன். மங்கு அறுபத்தொண்ணையும் நானே கழட்டினேன். குலம் சார்கிட்ட பெலுகார்னு சொன்னதுக்கு எனக்கு வீடு கெடைச்சுது."

குஞ்சம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் ஏழெட்டு நெத்திலிக்குத் தலை கிள்ளினாள்.

"என் பலாவுல மங்கு எந்தப் பக்கம் தொங்குச்சு?"

"கிழக்கால. ரெண்டாவது கெளைக்குக் கீழ."

"அப்ப நல்லா பாத்துத்தான் கழட்டியிருக்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மற்ற எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னான். காளிமுத்து கன்னத்தில் அறைந்தார், உம்பாயில் இருந்த வீரப்பன் தண்ணீர் கொடுத்துக் குடித்துவிட்டுக் கிளம்பு என்றார், மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு நில அலுவலகம் போனான். குலம் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரமாகச் சொன்னான். எந்த நம்பர் மங்கு, என்ன மரம், எவ்வளவு பருமன், யாருடையது. குலம் அறுபத்தொரு வரி எழுதினார். ஒரு வரியும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம், தம்பி" என்றார். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாக்குமூலம் பெறப்பட்டது, கோப்பில் சேர்க்கப்பட்டது, கம்பெனியின் ஒப்பந்தம் 1996 டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. டவுக்கே அதற்குள் அவனை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். தனபாலன் ஒரு தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனான். பதினேழாம் நம்பர் வீட்டைக் குஞ்சம்மா பேருக்கே எழுதித் தருவதாக இரண்டு தரம் ஆள் அனுப்பினான். அந்தாளு குடியிருந்த வீடு எனக்கெதுக்கு, நான் வேணும்னா மரத்தப் பாக்க வருவேன் என்று பதில் வந்தது.

1999 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, கக்கத்தில் ஒரு பாயோடு நேரே பதினேழாம் நம்பர் முற்றத்துக்குள் நுழைந்து, நிழல் விழுந்த இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். தனபாலன் வாங்க என்றபோது பாயின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டியிருந்தால் புனிதாவைக் கேட்டாள். நிழல் நகர நகரப் பாயை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு மணிக்கு நிழல் சாலையைக் கடந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டு தானும் கடந்தாள். எதிர்வீட்டு ஆசிரியரின் மனைவி ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் பொரித்த பிசாங் கோரெங் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த மாதத்தில் காளிமுத்துவும் வந்து கடைக்காரருடைய வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தத் தாமானில் வாசலுக்கு ஒருவராகத் தோட்டத்து ஆட்கள் தத்தம் நிழலில் உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்தே வைத்தார்கள். தனபாலனும் ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்கே கேட்டைத் திறந்துவிட்டு, அவள் போகும்வரை பக்கத்திலேயே நிற்பான். அவள் ஒரு தரமும் அவன் பக்கம் திரும்பியதில்லை.

ஜூலையில் ஒரு நாள் உச்சி வெயில். நிழல் முற்றத்தின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. குஞ்சம்மா பாயைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று, குருபோங்கில் கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். தனபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள். "நெழல்ல நிக்கிற."

தனபாலன் வெயிலுக்கு நகர்ந்தான். அவள் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.